புயல் வரும்போது எங்கே இருப்பது? கடலூர் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் மூன்று உருவங்களில் வந்திருக்கிறது. தாழங்குடாவில் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் இருக்கும் ஒருவர், புயல் என்றால் பாதுகாப்பு மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள், அம்மாவால் படி ஏற முடியாது, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று கேட்கிறார். தென்பெண்ணைக் கரையோரம் தளம் போட்ட வீடு கட்டியிருக்கும் இன்னொருவர், கான்கிரீட் வீட்டை விட்டுவிட்டு எதற்காகக் கிளம்ப வேண்டும் என்கிறார். பண்ருட்டிப் பக்கம் ஓட்டு வீட்டில் இரண்டு கறவை மாடுகளோடு இருக்கும் அம்மையார் ஒருவருக்கு விருத்தாசலத்தில் மகள் வீடு இருக்கிறது. மாட்டை யார் பார்ப்பது என்பதுதான் அவருடைய தடை.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் எந்த அளவுகோலால் எடைபோடுவது என்பதை மூவருக்கும் பொதுவாகச் சொல்லலாம். அதற்கு முன்பாக, இந்த மாவட்டத்தில் ‘புயல்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு ஆபத்துகள் ஒளிந்திருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

## காற்று வேறு, மழை வேறு, ஆறு வேறு

2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயல், காற்றின் புயல். மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகத்தில் அடித்த காற்று பண்ருட்டி வட்டாரத்தின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்ததால் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2015 நவம்பர் 9 அன்று புதுச்சேரி அருகே கரையேறியதைப் புயல் என்றுகூடச் சொல்ல முடியாது, அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். ஆனால் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது, பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் திடீரென்று திரண்டு வந்த வெள்ளம் வீடுகளையும் மனிதர்களையும் அடித்துச் சென்றது.

2024இன் ஃபெஞ்சல் மூன்றாவது வகை. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்தபோது, கூரை தப்பியது என்று கடலூரில் பலர் மூச்சுவிட்டார்கள். அதன் மிச்சம் உள்நாட்டில் மெல்ல நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அந்த நீர் தென்பெண்ணையில் இறங்கிச் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அது திருக்கோவிலூரைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தபோது வானத்தில் புயல் இல்லை, செய்தியிலும் ‘புயல் வலுவிழந்தது’ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மையத்திலிருந்து வீடு திரும்பிப் பாயை உதறிப் போட்டவர்கள் மறுபடியும் மூட்டை கட்ட நேர்ந்தது.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வேறு மாவட்டங்களின் மழையெல்லாம் கடலுக்குப் போகும் வழியில் இருக்கிறது கடலூர். மழையே இல்லாத 2022 ஆகஸ்டில்கூட, மேட்டூரிலிருந்து வந்த காவிரி நீர் கொள்ளிடத்தில் பெருகி, திட்டுக்காட்டூர், கீழகுண்டலப்பாடி போன்ற ஆற்றிடை ஊர்களைச் சூழ்ந்துகொண்டது. எனவே எங்கே இருப்பது என்ற முடிவை இங்கே ஒரு முறை எடுத்தால் போதாது. காற்றுக்கு ஒரு முறை, அது அடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து ஆற்றுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். முதல் முடிவு சரியாக அமைந்ததாலேயே இரண்டாவதில் ஏமாந்தவர்கள் உண்டு.

சுனாமி இந்த ஒப்பீட்டில் சேராது. 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்துக்கும் சிங்காரத்தோப்புக்கும் எந்த அறிவிப்பும் வரவில்லை. இப்போது எச்சரிக்கை மையம் இருந்தாலும் கிடைக்கும் நேரம் மணிக்கணக்கில்தான். அங்கே எடைபோடுவதற்கு எதுவும் இல்லை, மேடான இடத்துக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல் கூரை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும், 60 கி.மீ. காற்றைப் பத்து வருடம் தாங்கிய கூரை 120ஐயும் தாங்கும் என்று நம்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. இரண்டாவது, வீட்டுத் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பது: கடலா, ஆறா, வயல் வாய்க்காலா, மறந்துபோன ஓடையா. மூன்றாவது, வீட்டில் யார் இருக்கிறார்கள். நான்காவது, புயல் போனபின் எத்தனை நாள் அங்கே தாக்குப்பிடிக்க முடியும். ஐந்தாவது, மாடு, படகு, வலை, கடைச் சரக்கு போன்ற பிழைப்புக்கான உடைமை.

ஆறாவதான நேரத்தைத்தான் மக்கள் மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். வானிலை ஆய்வு மையம் பாதிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு முன் ஓர் அறிவிப்பும் 24 மணி நேரத்துக்கு முன் இன்னோர் எச்சரிக்கையும் தருகிறது. இரண்டாவது வந்தபின் கிளம்பலாம் என்று காத்திருப்பது நம் வழக்கம். 2020இல் நிவர் நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டித்தான் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. ஆனால் கடலூர் உள்ளிட்ட 7 மாவட்டங்களில் பேருந்துப் போக்குவரத்து 24ஆம் தேதி பகல் 1 மணிக்கே நிறுத்தப்பட்டுவிட்டது. அதாவது சொந்த வண்டி இல்லாதவருக்குப் புயலுக்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் முன்பே ஊர்க் கதவு சாத்தப்பட்டது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான். கூண்டுகள் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உரியவை. 10ஆம் எண் என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கப்போகிறது என்று பொருள். அதைப் பார்த்துவிட்டு வீட்டைக் காலி செய்யத் தொடங்குவது மிகவும் தாமதம்.

## வீட்டிலேயே இருப்பது

சொந்த அடுப்பு, சொந்தக் கழிப்பறை, மாத்திரை வைத்த இடம், மாடு கண்ணெதிரில் என்று இதன் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. உண்மையில் கான்கிரீட் தளம் போட்டு, அலைக்கும் ஆற்றுக்கும் எட்டாத மேட்டில் இருக்கும் வீட்டுக்கு இதைவிடச் சிறந்த தெரிவு கிடையாது. அப்படிப்பட்டவர்கள் மையத்துக்குப் போவது, இடம் உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு நெருக்கடியைக் கூட்டுவதுதான்.

ஓடு, தகரம், சிமென்ட் ஷீட், கீற்று ஆகிய நான்குக்கும் இது பொருந்தாது. ‘தானே’ புயல் வந்த விடியற்காலையில் நாங்கள் ஷீட் வீட்டில்தான் இருந்தோம். ஷீட்டை இரும்புக் குழாயோடு பிணைக்கும் கொக்கி போல்ட்டுகள் முதலில் கிடுகிடுவென்று நடுங்கின. பிறகு ஒவ்வொன்றாக ‘டிங்’ என்று தெறிக்கும் சத்தம் கேட்டது. காற்று மேலிருந்து கூரையை அமுக்குவதில்லை. ஜன்னல் இடுக்கில் உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளுகிறது, மேலே ஓடும் காற்று அதே நேரத்தில் உறிஞ்சுகிறது. மூன்றாவது ஷீட் பறந்தபோது, வீட்டில் தளம் போட்ட ஒரே இடமான குளியலறைக்குள் ஒன்பது பேர் நுழைந்தோம். ஆறடிக்கு நாலடி அறையில் பாட்டியைக் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார வைத்தோம். மற்றவர்கள் நின்றுகொண்டே இருந்தோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் திட்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தங்குவது என்று முடிவு செய்தவர்கள் கவனிக்கத் தவறும் செலவு, புயலுக்குப் பிந்தைய நாள்களில் இருக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் கிடையாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு ஐந்து நாளுக்கு 100 லிட்டர், அதாவது ஐந்து பெரிய கேன் வேண்டும். மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியை முந்தின நாளே நிரப்பிவிடுவதில் இரட்டைப் பயன் உண்டு: தண்ணீரும் சேரும், தொட்டியும் பறக்காது. காலித் தொட்டி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஓட்டை உடைத்த வழக்குகள் எங்கள் தெருவிலேயே தீர்க்கப்படாமல் இருக்கின்றன. வீட்டை ஒட்டிய முருங்கையின் கிளைகளை வெட்டிவிட வேண்டும். காற்று திடீரென்று நின்றால் புயல் முடிந்தது என்று வெளியே போகக் கூடாது. அது கண் பகுதியாக இருக்கலாம், சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும்.

## புயல் பாதுகாப்பு மையம்

சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலோர ஊர்களில் கட்டப்பட்ட பல்நோக்குப் பாதுகாப்பு மையங்களும், அவை இல்லாத இடங்களில் பள்ளிக் கட்டடங்களும் திருமண மண்டபங்களும் ஒன்றல்ல. முன்னவை இதற்கென்றே உயர்த்திக் கட்டப்பட்டவை, காற்றுக்கும் கடலுக்கும் ஒருசேரத் தாங்குபவை. பள்ளியோ மண்டபமோ காற்றுக்குத் தாங்கலாம், ஆனால் தரைத்தளமாக இருந்தால் வெள்ளத்துக்குத் தாங்காது. உங்கள் ஊருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது எது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணிலோ இப்போதே கேட்டு, வெயில் நாளில் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பூட்டிய மையத்தின் முன் கொட்டும் மழையில் சாவிக்காரருக்காகக் காத்திருந்த அனுபவம் என் உறவினர்களுக்கே உண்டு.

இங்கே தங்குவதற்குக் காசு கிடையாது. சாப்பாடு வரும், பெரும்பாலும் மருத்துவக் குழுவும் வரும். செலவுகள் வேறு வகையானவை. நூறு பேருக்குச் சில கழிப்பறைகள் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்குப் பொட்டலச் சோறு எப்போது வரும் என்பதே ஒரு கவலை. இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளத் தாங்களே வழி செய்துகொள்ள வேண்டும். ஈரத் துணி சுற்றிய மண்பானை போதும். ஊரும் காலனியும் ஒரே கூடத்தில் படுக்க வேண்டிய நிலை வந்தால் சொல்லாமலே கோடு கிழிக்கப்படுவதும், அந்தக் கோட்டுக்குப் பயந்து சிலர் வராமலே இருந்துவிடுவதும் எந்த அறிக்கையிலும் ஏறாத செலவு.

இத்தனைக்குப் பிறகும், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தளம் இல்லாத வீட்டில் இருப்பவருக்கு இதுதான் சரியான தெரிவு என்றே சொல்வேன். நடந்தே போய்விடலாம், கடைசி நேரத்திலும் போகலாம், நாள் எண்ணி அனுப்ப மாட்டார்கள். பிரசவ நாள் நெருங்கியவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மட்டும் மையத்துக்குப் போகாமல், இரண்டு நாள் முன்பாகவே மருத்துவமனைக்கு அருகில் போய்விட வேண்டும்.

## உள்நாட்டில் இருக்கும் உறவினர் வீடு

வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் உடம்பால் மிக எளிதானது இதுதான். ஆனால் இதன் மீது இருக்கும் நம்பிக்கையில் பாதி பிழையானது. கடலிலிருந்து விலகினால் காற்றும் அலையும் குறையும். மழை குறையும் என்பதற்கு உறுதி இல்லை. 2015 நவம்பரில் கடற்கரையிலிருந்து தப்பி நெய்வேலிக்குப் போயிருந்தால், அந்த 48 செ.மீ. மழைக்குள்தான் போய் நின்றிருப்பீர்கள். விருத்தாசலம் என்றால் மணிமுத்தாற்றங்கரையா, மேட்டுத் தெருவா என்று கேட்க வேண்டும். போகும் வீடு நம்முடையதைவிட எந்த ஆபத்தில் மேலானது என்று தெரியாமல் போவது வெறும் இடமாற்றம்.

நேரம் இதன் முக்கியமான பலவீனம். பேருந்து நிற்பதற்கு முன், அதாவது எச்சரிக்கை இன்னும் உறுதிப்படாத கட்டத்தில் கிளம்ப வேண்டும். புயல் திசை மாறிச் சென்றுவிட்டால் கூலியும் பயணச் செலவும் வீண். இரண்டு முறை அப்படி வீணானால் மூன்றாம் முறை கிளம்ப மனம் வராது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது இன்னொரு கணக்கு. வெள்ளம் இரண்டாவதாக வரும் மாவட்டத்தில் மூன்று நாள் போதவே போதாது, திரும்ப வேண்டிய நாளில்தான் ஆறு பெருகும்.

பலர் அனுபவப்பட்ட பிறகே தெரிந்துகொள்ளும் செலவு ஒன்று உண்டு. சேதக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும் நாளில் பூட்டிய வீடு பட்டியலில் விடுபடலாம். ஃபெஞ்சலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைகளுக்கு 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. தொகை சிறிது என்றாலும், அதற்காக மூன்று மாதம் அலுவலகத்துக்கு நடந்தவர்களைக் கேட்டால் தெரியும். கிளம்புவதற்கு முன் வீட்டை நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் ஒருவரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

## பக்கத்து மாடி வீடு

அரசாங்கப் பட்டியலில் இல்லாத, ஆனால் ஊரில் அதிகம் பேர் உண்மையில் செய்வது இதுதான். மாடு அருகிலேயே இருக்கும், நள்ளிரவிலும் போகலாம், காற்றுக்கும் ஓரளவு வெள்ளத்துக்கும் ஏற்றது. ஒரே குறை, யாரும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. புயலன்று இரவு அந்த வீட்டுக் கதவை ஆறு குடும்பங்கள் தட்டும். கேட்க வேண்டியதை ஐப்பசியிலேயே கேட்டு, தண்ணீர்க் கேன் இரண்டை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் சங்கடம் குறையும். கடலை ஒட்டிய முதல் இரண்டு தெருக்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே மாடி வீட்டின் அடித்தளத்தையே அலை அரிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | வீடு | மையம் | உறவினர் வீடு | பக்கத்து மாடி |
|---|---|---|---|---|
| கடும் காற்று | தளம் போட்டிருந்தால் மட்டும் | நல்லது | நல்லது | நல்லது |
| கடல் ஏற்றம் | கடலோரத்தில் கூடாது | உயர்த்திக் கட்டியதெனில் நல்லது | மிக நல்லது | முதல் இரண்டு தெருவில் கூடாது |
| ஆற்று வெள்ளம் | மேட்டு வீட்டுக்கு மட்டும் | தளத்தைப் பொறுத்தது | இடத்தைப் பொறுத்தது | குறுகிய நேரத்துக்கு |
| கிளம்பக் கடைசி நேரம் | இல்லை | காற்று வலுக்கும் முன் | பேருந்து நிற்கும் முன் | காற்று வலுக்கும் முன் |
| மறைமுகச் செலவு | பல நாள் தண்ணீர், இருட்டு | கழிப்பறை, மருந்து, நெருக்கடி | கூலி இழப்பு, கணக்கெடுப்பில் விடுபடுதல் | முன்பேச்சு இல்லாத சங்கடம் |

குடும்பத்தை அனுப்பிவிட்டு ஓர் ஆள் மட்டும் காவலுக்கு இருப்பது என்ற ஐந்தாவது வழியை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அந்த ஓர் ஆள் பெரும்பாலும் வீட்டின் மூத்த ஆண். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு இரவு முழுவதும் மற்றவர்கள் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், கோபுரமும் வேலை செய்யாது. திருட்டுப் பயத்துக்கு, நகையையும் பட்டா, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு உடன் எடுத்துச் செல்வதே போதுமான மருந்து.

## கேட்ட மூவருக்கு

தாழங்குடாக்காரர் மையத்துக்குத்தான் போக வேண்டும். கடல் அருகில், ஆற்று முகத்துவாரம் அருகில், தலைக்கு மேல் ஷீட் என்று மூன்று அளவுகோல்களிலும் அவர் வீடு தோற்கிறது. அம்மாவுக்குப் படி தடையென்றால், அவரை மட்டும் பேருந்து ஓடும்போதே உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வருவது, அல்லது சாய்தளம் உள்ள மையம் எதுவென்று கேட்டு அங்கே போவது. நாற்காலியோடு தூக்கிச் செல்ல இரண்டு பேரை இப்போதே சொல்லி வைத்தாலும் சரிதான்.

தென்பெண்ணைக் கரைக்காரர் காற்றுக்கு வீட்டிலேயே இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் கவனிக்க வேண்டியது கடலூர் வானத்தையல்ல, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் மழையையும் சாத்தனூர் அணையின் திறப்பையும்தான். 2021 நவம்பரிலும் 2024 டிசம்பரிலும் ஆறு அப்படித்தான் வந்தது. திறப்பு லட்சம் கன அடியை நெருங்குகிறது என்ற செய்தி வந்தால், மொட்டைமாடியில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காமல், பகல் வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறிவிட வேண்டும். மெயின் ஸ்விட்சை அணைத்து, சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுக் கிளம்பட்டும்.

பண்ருட்டி அம்மையாருக்கு விருத்தாசலத்தைவிடப் பக்கத்து மாடி வீடுதான் பொருத்தம், அதுவும் ஓடையிலிருந்து விலகிய பக்கத்தில். மாட்டைப் பொறுத்தவரை, ஃபெஞ்சலில் இறந்த பசுவுக்கு அறிவிக்கப்பட்ட 37,500 ரூபாய் நல்ல கறவை மாட்டின் விலைக்கு ஈடாகாது. அதையும் பெறக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். மாட்டைக் கொட்டகைக்குள் கட்டி வைப்பதுதான் பெரிய ஆபத்து. கூரை விழுந்தாலும் தண்ணீர் வந்தாலும் கட்டிய மாடு நகர முடியாது. முதல் நாள் மாலையே மரம் இல்லாத மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று மூக்கணாங்கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னேன். அவிழ்த்துவிட்டால் ஓடிவிடாதா என்று கேட்டார். பால் கறக்கும் நேரத்துக்கு அது தானாகவே வந்து வாசலில் நிற்கும் என்று, மாடு வளர்க்காத நான், வளர்க்கும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.